முதல் ஊசி ஒரு மணி நேரத்துக்குள். கடைசி ஊசி மறுநாளே

பலத்த காயத்துடன் வருபவருக்குத் தொற்று வருவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் போடலாமா என்று கேட்டால், பெரும்பாலான மருத்துவர்கள் தயங்காமல் ‘போடலாம்’ என்பார்கள். அதில் பெரிய சர்ச்சை இல்லை. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற இரண்டு கேள்விகளில்தான் ஆய்வுகள் சொல்வதும் வார்டில் நடப்பதும் விலகிப்போகின்றன. தொடங்க வேண்டிய நேரத்தில் தாமதிக்கிறோம். நிறுத்த வேண்டிய நேரத்தில் தொடர்கிறோம். தாமதம் காயம்பட்டவரின் காலைப் பறிக்கக்கூடும். தேவைக்கு மேல் நீளும் மருந்து அவரை மட்டுமல்லாமல் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரையும் பாதிக்கிறது. 2022ஆம் ஆண்டில் நாட்டிலேயே அதிகமாக 64,105 சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. அவற்றில் 17,884 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. ரத்தப்போக்கிலிருந்து மீட்கப்பட்டவரைப் பின்னர் வீழ்த்தும் முக்கியக் காரணங்களில் ஒன்று தொற்று. எனவே இது நிபுணர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் நுணுக்கம் என்று ஒதுக்கிவிடக்கூடியது அல்ல.

தடுப்பு மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்தே கடிகாரம் ஏன் முக்கியம் என்பது புரியும். தோல் கிழிந்த கணத்திலேயே கிருமிகள் உள்ளே போய்விடுகின்றன. ஆனால் உள்ளே போவதும் தொற்றாவதும் ஒன்றல்ல. கிருமிகள் திசுவிலும் உடைந்த எலும்பிலும் ஒட்டிக்கொண்டு, பெருகி, தங்களைச் சுற்றி ஒரு பிசின் படலத்தைக் கட்டிக்கொள்ளச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் ரத்தத்தில் மருந்து இருந்தால் உடலின் எதிர்ப்பாற்றல் வென்றுவிடும். படலம் உருவான பிறகு அதே மருந்தைப் பல மடங்கு கொடுத்தாலும் உள்ளே எட்டுவது கடினம். 1961இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் பர்க் கினிப் பன்றிகளின் தோலில் நடத்திய சோதனைகள் இந்தக் கால எல்லையை முதன்முதலில் தெளிவாகக் காட்டின. கிருமி நுழைவதற்கு முன்போ நுழைந்த உடனேயோ மருந்து கொடுத்தால் தொற்று ஏறக்குறைய வரவே இல்லை. 3 மணி நேரம் கடந்து கொடுத்தால் மருந்து கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் வித்தியாசம் இல்லை. திட்டமிட்ட அறுவை சிகிச்சையில் கத்தி வைப்பதற்கு முன்பே ஊசி போடும் உலக வழக்கத்துக்கு அடிப்படை இதுதான். விபத்தில் அந்த வசதி இல்லை. கத்தியை விதி ஏற்கெனவே வைத்துவிட்டது. மருத்துவர் பின்னால் ஓடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வருகிறது.

மனிதர்களில் கிடைத்த சான்றும் இதே திசையில்தான் இருக்கிறது. எலும்பு முறிந்து, மேலுள்ள தோலும் கிழிந்த திறந்த முறிவுகளில் மருந்து தேவையா என்பதையே 1974இல் பட்சாகிஸ் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவரின் குழு சோதித்தது. மருந்து பெறாதவர்களில் 13.9 சதவீதத்தினருக்குத் தொற்று வந்தது. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் பெற்றவர்களில் 9.7 சதவீதம், செஃபலோதின் பெற்றவர்களில் 2.3 சதவீதம் மட்டுமே. தடுப்பு மருந்தின் பயனுக்கு இவ்வளவு தெளிவான சான்று விபத்து மருத்துவத்தில் குறைவு. அதே மருத்துவர் 1989இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறந்த முறிவுகளில், 3 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களின் தொற்று விகிதம் 4.7 சதவீதமாகவும் தாமதமாகப் பெற்றவர்களின் விகிதம் 7.4 சதவீதமாகவும் இருந்தது. மிகக் கடுமையான திறந்த முறிவுகளை மட்டும் எடுத்துக்கொண்ட 2015ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு ஒன்று, எல்லை 3 மணி நேரம்கூட இல்லை, 66 நிமிடம்தான் என்றது. வயிற்றில் குண்டோ கத்தியோ பாய்ந்தவர்களிலும் இதே கதைதான். 1972இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு முன் மருந்து பெற்றவர்களில் 7 சதவீதத்தினருக்குத் தொற்று வந்தது. அறுவையின்போது தொடங்கியவர்களில் 33 சதவீதம். முடிந்த பிறகு தொடங்கியவர்களில் 30 சதவீதம். இது பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வு என்பதால் எண்களை அப்படியே கையிலெடுக்க முடியாது. ஆனால் விலங்குச் சோதனையும், எலும்பு முறிவும், வயிற்றுக் காயமும் ஒரே பதிலைச் சொல்லும்போது அதைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது.

இந்தப் பதிலை நம் சாலைகளில் பொருத்திப் பார்த்தால் சிக்கல் எங்கே என்பது தெரியும். நெடுஞ்சாலையில் அடிபட்டவரை 108 ஆம்புலன்ஸ் முதலில் பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறது. அங்கே ரத்தப்போக்கு நிறுத்தப்பட்டு, கட்டுப் போடப்பட்டு, டிடி ஊசி போடப்பட்டு, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அவர் அனுப்பப்படுகிறார். அங்கே எக்ஸ்ரே, ஸ்கேன், பதிவு, எலும்பு மருத்துவரின் வருகை. ‘பெரிய மருத்துவமனையில் பார்த்துக்கொள்வார்கள்’ என்று முதல் மருத்துவமனை நினைத்தால், முதல் ஊசி விழும்போது பர்க் சொன்ன 3 மணி நேரம் கழிந்திருக்கும். எனவே முதல் ஊசி, காயம்பட்டவர் கால் வைக்கும் முதல் மருத்துவமனையிலேயே போடப்பட வேண்டும். அதற்கு நிபுணர் தேவையில்லை. திறந்த முறிவைக் கண்ணால் பார்த்தே அறியலாம். இந்தத் தடுப்புக்குக் கொடுக்கப்படும் செஃபசோலின் விலை உயர்ந்த மருந்தும் அல்ல, அரிய மருந்தும் அல்ல. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் என்றது. பணம் கட்டக் காத்திருக்கும் தாமதத்தை அது குறைத்தது. அடுத்துக் குறைக்க வேண்டியது மருத்துவமனைக்கு உள்ளேயும் இரண்டு மருத்துவமனைகளுக்கு இடையேயும் விழும் தாமதத்தை.

நேரத்தோடு அளவும் சேர வேண்டும். பலத்த காயத்தில் நிறைய ரத்தம் வெளியேறுகிறது. அதோடு மருந்தும் வெளியேறுகிறது. ஈடுகட்ட ஏற்றப்படும் சலைனும் ரத்தமும் மிச்ச மருந்தை நீர்க்கச் செய்கின்றன. பெரியவர்களுக்கு 2 கிராம் செஃபசோலின், 120 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்களுக்கு 3 கிராம், அறுவை சிகிச்சை நீண்டால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மறு ஊசி, சுமார் ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனால் கடிகாரத்தைப் பாராமல் மறு ஊசி என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. மயக்க மருத்துவர், அறுவை மருத்துவர், செவிலியர் என மூவரும் உயிரைப் பிடித்து வைக்கப் போராடும் அறையில் இந்த இரண்டாவது ஊசி மறந்துபோவது இயல்பு. மறந்ததற்கு ஈடாக அடுத்த ஒரு வாரம் மருந்தை நீட்டுவதில் பயனில்லை. கிருமி ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் மருந்து இல்லாமற்போன இழப்பை, ஐந்தாம் நாள் ஊசி மீட்டுத் தராது.

அப்படியானால் எப்போது நிறுத்துவது? 1988இல் டெலிஞ்சர் குழு, கை கால்களில் திறந்த முறிவு ஏற்பட்டவர்களை ஒரு நாள் மருந்து பெறுவோர், 5 நாள் பெறுவோர் என்று பிரித்துப் பார்த்தது. தொற்று விகிதம் இரு பக்கமும் 12, 13 சதவீதம் என்ற அளவிலேயே நின்றது. 1992இல் வயிற்றில் துளைக் காயம் அடைந்த 500க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஒப்பீட்டிலும் 5 நாள் மருந்து ஒரு நாள் மருந்தை மிஞ்சவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 250 விபத்து நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வெல்மஹோஸ் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 24 மணி நேரத்துக்கு மேல் மருந்து பெற்றவர்களுக்கு ரத்தத் தொற்றோ உறுப்புச் செயலிழப்போ குறையவில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளின் தொற்றுதான் கூடியது. காயம் கடுமையானது என்பதைக் காட்டித் தடுப்பு மருந்தை நீட்டக் கூடாது என்ற பொருளில் அந்தக் கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார்கள். காரணம் எளிது. ஒரு நாளைக்கு மேல் நீளும் மருந்து, உடலில் எளிதில் சாகும் கிருமிகளை எல்லாம் துடைத்துவிட்டு, சாகாதவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ நிஜமான தொற்று வரும்போது, அது ஏற்கெனவே அந்த மருந்தைத் தாண்டி வந்த கிருமியாக இருக்கும்.

நம் மருத்துவமனைகளில் இது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021–22இல் 20 பெரிய மருத்துவமனைகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. உள்நோயாளிகளில் 71.9 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு ஆன்டிபயாடிக் மருந்தில் இருந்தார்கள். எழுதப்பட்ட மருந்துகளில் 55 சதவீதம், இருக்கும் தொற்றைக் குணப்படுத்த அல்ல, வரக்கூடிய தொற்றைத் தடுக்கவே எழுதப்பட்டவை. அதாவது அந்த மருத்துவமனைகளில் புழங்கிய ஆன்டிபயாடிக்கில் பாதிக்கு மேல் முன்னெச்சரிக்கைக்குப் போனது. மறுபக்கம், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வென்டிலேட்டர் நிமோனியாவை உண்டாக்கும் அசினெட்டோபாக்டர் கிருமிகளில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை, கடைசிக் கட்ட மருந்தான மெரோபெனெம் வகைக்கே கட்டுப்படுவதில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. கிருமிகளின் இந்த எதிர்ப்பு குறித்து மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடி ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டது 2012இல். எச்சரிக்கை நம் ஊரிலிருந்தே போயும் நம் வார்டுகளுக்கு முழுதாக வந்து சேரவில்லை.

மருந்தை நீட்டுவதன் இன்னொரு ஆபத்து, அது கவனத்தைத் திருப்பிவிடும் என்பது. முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்ட வீரர்களைக் கவனித்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங், பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு பத்தாண்டுக்கும் முன்பே, ஆழமான காயத்தின் மடிப்புகளில் கிருமிநாசினி ஊற்றுவதால் பயனில்லை, அது உடலின் வெள்ளணுக்களைத்தான் கொல்கிறது என்று காட்டினார். வீரர்களைக் காப்பாற்றியது செத்த தசையை வெட்டி எறிந்து காயத்தைத் திறந்து வைத்த அறுவை முறை. நூறாண்டு கழித்தும் அந்தப் பாடம் மாறவில்லை. ரத்த ஓட்டம் இல்லாத தசைக்கு ஊசி வழியே மருந்து போய்ச் சேராது. 2015இல் இந்தியா உட்படப் பல நாடுகளில் 2,447 பேரிடம் நடந்த ‘ஃப்ளோ’ ஆய்வில், திறந்த முறிவைச் சோப்புக் கரைசலால் கழுவியவர்களில் 14.8 சதவீதத்தினருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. சாதாரண சலைனால் கழுவியவர்களில் 11.6 சதவீதத்தினருக்கே. நன்றாகக் கழுவுதல், செத்ததை அகற்றுதல், சில நாள்களுக்குள் தோலால் மூடுதல் என்ற மூன்றுக்கும் மருந்து துணை நிற்கலாமே தவிர, அவற்றின் இடத்தில் நிற்க முடியாது. எட்டாம் நாளும் ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அந்த மூன்றில் ஒன்று தள்ளிப்போயிருக்கிறது என்று பொருள்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, ‘இவை வெளிநாட்டு ஆய்வுகள், சேற்றிலும் சாக்கடையிலும் விழுந்து, மாட்டுச் சாணம் அப்பிய காயத்தோடு வருபவருக்கு ஒரு நாள் மருந்து போதுமா?’ என்பது. நியாயமான கேள்வி. திறந்த முறிவுகள் எல்லாம் ஒரே தரம் அல்ல என்பதை 1976லேயே கஸ்டிலோவும் ஆண்டர்சனும் மூன்று வகையாகப் பிரித்துச் சொன்னார்கள். மூன்றாம் வகைக்குக் கூடுதல் கிருமிகளைத் தாக்கும் மருந்தைச் சேர்ப்பதையும், வயல், தொழுவம் போன்ற இடங்களில் நேர்ந்த காயத்துக்குப் பெனிசிலின் சேர்ப்பதையும், மருந்தை 72 மணி நேரம் வரையிலோ காயம் மூடிய 24 மணி நேரம் வரையிலோ, எது முந்துகிறதோ அதுவரை கொடுப்பதையும் அமெரிக்க விபத்து அறுவை மருத்துவர்களின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதலே ஏற்கிறது. அசுத்தமான காயத்துக்கு அகலமான மருந்து என்பது வேறு, நீளமான மருந்து என்பது வேறு. உள்ளூர்ச் சான்று வேண்டுமென்றால் கோவைக்குப் போகலாம். கங்கா மருத்துவமனையில் உருவாகி 2006இல் வெளியான திறந்த காய மதிப்பெண் முறை, தோல், எலும்பு, தசை ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண் கொடுப்பதோடு, சாக்கடையோ தொழுவமோ கலந்த காயத்துக்கும் தாமதமாகச் சுத்தம் செய்யப்பட்ட காயத்துக்கும் கூடுதல் மதிப்பெண் சேர்க்கிறது. காலைக் காப்பதா, எடுப்பதா என்ற முடிவுக்கு உதவும் கணக்கு அது. நம் மண்ணின் அசுத்தத்தை அறிந்த மருத்துவர்கள் அதற்குச் சொன்ன பதில், கணக்கிட்டு, விரைந்து சுத்தம் செய்து, மூடுவது.

இரண்டாவது மறுப்பு காய்ச்சல் சார்ந்தது. மூன்றாம் நாள் உடல் கொதிக்கிறது, வெள்ளணு எண்ணிக்கை ஏறியிருக்கிறது. இந்த நேரத்தில் மருந்தை நிறுத்த எந்த மருத்துவருக்குத் துணிவு வரும்? ஆனால் பலத்த காயம் தானாகவே காய்ச்சலை உண்டாக்கும். உடைந்த செல்களிலிருந்து மைட்டோகாண்ட்ரியத் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன; மைட்டோகாண்ட்ரியா பழங்காலத்துப் பாக்டீரியாவின் வாரிசு என்பதால், உடல் அவற்றைக் கிருமி என்றே எண்ணிப் போர் தொடுக்கிறது என்பதை 2010இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. எனவே காய்ச்சலைக் கண்டவுடன் தடுப்பு மருந்தை நீட்டுவது இரண்டு வழியிலும் நட்டம். தொற்று இல்லையென்றால் மருந்து வீண். தொற்று இருந்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மருந்து கல்ச்சர் சோதனையை மழுப்பி, எந்தக் கிருமி என்பதை மறைத்துவிடும். சந்தேகம் வந்தால் ரத்தமும் சளியும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, தேவைப்பட்டால் முழு வீச்சில் சிகிச்சையைத் தொடங்கலாம். நிறுத்தச் சொல்வது தடுப்பை. சிகிச்சையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. புதிய சான்றுகள் தடுப்பு மருந்தை இன்னும் பரவலாகக் கொடுக்கச் சொல்கின்றனவே என்று கேட்கலாம். 2024இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வு, தலைக்காயம் உள்ளிட்ட கடும் மூளைப் பாதிப்பால் வென்டிலேட்டரில் வைக்கப்பட்டவர்களுக்குச் செஃப்ட்ரியாக்சோன் கொடுத்தபோது, முதல் வாரத்தில் வரும் நிமோனியா 32 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. இதை ஏற்கத்தான் வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாய்ச்சளி நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்து அதிகம். ஆனால் அந்த ஆய்வில் கொடுத்தது எத்தனை ஊசி? 2 கிராம் அளவில் ஒரே ஒரு ஊசி. அதுவும் மூச்சுக்குழாய் செருகிய சில மணி நேரத்துக்குள். இந்த ஆய்வு என் வாதத்தை மறுக்கவில்லை, அதையே உறுதிப்படுத்துகிறது. பயன் கிடைப்பது சீக்கிரம் கொடுப்பதில்தான், நீட்டுவதில் அல்ல. தலைக்காயத்திலேயே எதிர் உதாரணமும் உண்டு. மண்டையோட்டின் அடிப்பகுதி விரிசல் கண்டு மூக்கில் மூளைத் தண்ணீர் வடிந்தால், மூளைக்காய்ச்சலைத் தடுக்க ஆன்டிபயாடிக் கொடுப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று காக்ரேன் திறனாய்வு கூறியிருக்கிறது. ஆக, எந்தக் காயம், எந்தக் கிருமி, எத்தனை மணி என்று கேட்டுத்தான் மருந்து எழுத வேண்டும். ‘விபத்து கேஸ்’ என்ற ஒரே காரணத்துக்காக அல்ல.

எல்லா ஆதாரத்தையும் ஒப்புக்கொண்ட மருத்துவருக்கும் கடைசியாக ஒரு பயம் மிஞ்சும். மருந்தை நிறுத்தியபின் தொற்று வந்தால் குடும்பத்தார் கேட்பார்கள், வழக்குப் போடுவார்கள். தொடர்ந்து கொடுத்தபின் வந்தால் ‘எல்லாம் செய்தார்களே’ என்பார்கள். இந்தப் பயத்தைத் தனி மருத்துவரின் மனத்துணிவால் தீர்க்க முடியாது. எழுத்துப்பூர்வமான நெறிமுறைதான் தீர்க்கும். அரசு எழுதித் தந்த விதியின்படி நிறுத்தியவருக்கு அந்த விதியே பாதுகாப்பு. தமிழ்நாட்டில் இதைச் செய்யப் புதிய அமைப்பு எதையும் உருவாக்க வேண்டியதில்லை. விபத்துச் சிகிச்சைக்கென்றே அரசு ஒரு கட்டமைப்பை வைத்திருக்கிறது; விபத்தில் சிக்கியவரின் செலவை ஏற்கும் திட்டமும் இருக்கிறது. திறந்த முறிவு, வயிற்றுத் துளைக் காயம், வென்டிலேட்டரில் தலைக்காயம் என மூன்றுக்கும் ஒரு பக்கத்தில் அடங்கும் விதியை எழுதி, தாலுகா மருத்துவமனைவரை அனுப்பலாம். காயம்பட்டவரை மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில் முதல் ஊசி போட்ட நேரத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்கலாம். வார்டின் மருந்துச் சீட்டில், தடுப்பு மருந்து 24 மணி நேரத்தில் தானாக முடிந்துவிடும்படியும், நீட்டிக்க விரும்பும் மருத்துவர் காரணத்தை எழுதிக் கையெழுத்திடும்படியும் செய்யலாம்.

மருந்துக் கடையில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்க விதி வந்து ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவமனைக்கு உள்ளே நடக்கும் மிகுபயன்பாட்டை அந்த விதி தொடாது. அதைத் தொடக்கூடியது அளவீடு மட்டுமே. காப்பீட்டுப் பணம் கோரி வரும் ஒவ்வொரு விபத்துக் கோப்பிலும், முதல் ஊசி விழுந்த நேரம், கடைசி ஊசி விழுந்த நேரம் என்ற இரண்டு எண்களை அரசு கேட்டு வாங்கி, மருத்துவமனை வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்த இரண்டு எண்களும் பொதுவெளிக்கு வந்தால், எந்த மருத்துவமனை தாமதிக்கிறது, எது நீட்டிக்கிறது என்பதை மருத்துவர்களும் அரசும் ஒரே பார்வையில் அறிவார்கள். ஊசிகளை முந்தித் தொடங்கவும் முந்தி முடிக்கவும் அரசு ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம். தேவையில்லாத ஊசிகளுக்குப் போகும் பணம் மிச்சமாகவும் கூடும்.